ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எதற்கு ‘ஆக்குபேஷன்’?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் வலுவிழந்தன. இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். கைதான் இன்னும் தேறவில்லை. பிசியோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. சென்ற முறை டாக்டர் ‘ஆக்குபேஷனல் தெரபி’யும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா மறுக்கிறார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘ஆக்குபேஷன்’ என்ற கட்டத்தில் தம்பி ‘இல்லை’ என்று எழுதியதிலிருந்தே அவருக்குக் கோபம். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, “முதல் பொருள் உத்தியோகம்; அதிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. இரண்டாவது, அந்நியப் படை நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். மூன்றாவது, ஒரு வீட்டில் குடியிருப்பது, குடியிருக்கத்தானே செய்கிறேன்? நான்காவது, பொழுதுபோக்கு, நான் என்ன குழந்தையா? இதில் எதற்கு எனக்குச் சிகிச்சை?” என்று கேட்கிறார். நாங்கள் அவரை எதற்கும் சிரமப்படுத்துவதில்லை. குளிப்பாட்டுவது, சட்டை போட்டுவிடுவது எல்லாம் நாங்களே. முன்பு செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார். இப்போது, “தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எழுதுகிறார்கள்” என்று மடித்து வைத்துவிடுகிறார். எதிலும் ஆர்வம் இல்லை. டாக்டர் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினார்? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நான் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்தச் சிகிச்சையை வேண்டாம் என்பதற்கு நான் கேட்ட காரணங்களிலேயே உங்கள் அப்பாவுடையதுதான் மிக நேர்த்தியானது. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கிறவரிடம் “டாக்டர் சொன்னால் கேளுங்கள்” என்பது எடுபடாது, எடுபடவும் கூடாது. அவர் கேட்ட வரிசையிலேயே போகலாம். அதற்கு முன் அந்தச் செய்தித்தாளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

இடது கையும் காலும் வலுவிழந்தால், பெரும்பாலும் பாதிப்பு மூளையின் வலது பாதியில். அந்தப் பாதி அடிபட்டவர்களில் கணிசமானவர்களுக்கு இடப்பக்க உலகம் கவனத்திலிருந்தே நழுவிவிடும். கண் பார்க்கும், மனம் அந்தப் பக்கம் திரும்பாது. தட்டின் வலது பாதியை மட்டும் காலி செய்வார்கள். முகத்தின் வலது பக்கத்தை மட்டும் சவரம் செய்வார்கள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார்கள். தாங்கள் எதையோ விடுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. தமிழ் இடமிருந்து வலமாக ஓடும் எழுத்து. இடப்பக்கம் நழுவினால் ஒவ்வொரு வரிக்கும் தொடக்கம் போய்விடும். ‘தலையில்லாமல் எழுதுகிறார்கள்’ என்று அவர் சொன்னது கேலியாக இல்லாமல், கண்டதை அப்படியே சொன்னதாகவும் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தை வைத்து நோயைக் கணிக்க முடியாது. பார்வைப் புலத்தில் இடது பாதியே மறைந்திருந்தாலும் இப்படி ஆகும். சோர்வும் மனத்தளர்ச்சியும் படிப்பைக் கெடுக்கும். எது என்று சோதித்தால் தெரிந்துவிடும். நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செய்தித்தாளில் ஒரு பத்தியின் இடது ஓரம் நெடுக, மேலிருந்து கீழாகச் சிவப்பு மையால் தடித்த கோடு ஒன்று போடுங்கள். “ஒவ்வொரு வரியும் முடிந்ததும் சிவப்புக் கோடு கண்ணில் படும்வரை இடது பக்கம் வாருங்கள், பிறகு அடுத்த வரியைத் தொடங்குங்கள்” என்று சொல்லிச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கோடு இல்லாத பத்தியையும் அதேபோலப் படிக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். கோடு போடுவது, பார்வையை இடப்பக்கம் இழுத்துவரப் பழக்குவது, புத்தகத்தைச் சரியான கோணத்தில் நிறுத்திக் கொடுப்பது ஆகியவையெல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் அன்றாட வேலை. செய்தித்தாள் படிப்பதுதான் இங்கே ‘ஆக்குபேஷன்’. உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில்.

இனி அகராதி.

முதல் பொருள், பிழைப்புக்கான தொழில். படிவங்களில் கேட்பது இதைத்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2008இல் திருத்தி வெளியிட்ட தொழில் வகைப்பாட்டில் உலகத்து வேலைகள் எல்லாம் 10 பெரும் பிரிவுகளாகவும் 436 அடிப்படைத் தொகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆசிரியர்கள் இரண்டாவது பெரும் பிரிவில் வருகிறார்கள். ‘ஓய்வு பெற்றவர்’ என்று ஒரு தொகுதி அதில் கிடையாது. ஓய்வு என்பது ஒருவர் இருக்கும் நிலை. தொழிலின் பெயர் அல்ல. ஆகவே தம்பி ‘இல்லை’ என்று எழுதியது உணர்வுக்குப் புறம்பானது மட்டுமல்ல, படிவத்தின் கணக்கிலும் தவறு. ‘வரலாற்று ஆசிரியர், ஓய்வு’ என்று எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது திருத்தச் சொல்லுங்கள்; அப்பாவே தன் கையால் திருத்தட்டும்.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு அந்த விவரம் என்று அவர் கேட்டால், அவர் துறையிலிருந்தே பதில் உண்டு. 1700ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? சுரங்கத்தில் இறங்குகிறவருக்கும் மட்பாண்டத்துக்கு மெருகு பூசுகிறவருக்கும் நோய் எங்கிருந்து வருகிறது என்று அப்படித்தான் பிடிபட்டது. அந்தக் கட்டம் படிவத்தில் உட்கார்ந்திருப்பதற்கு முந்நூறு ஆண்டு மரபு இருக்கிறது. எனக்கும் அது உதவும். கரும்பலகையில் எழுதிய கை, நின்றுகொண்டே பேசிய பழக்கம், நாற்பது பேரை ஒரே பார்வையில் கட்டி வைத்த கண் என்று ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்க எத்தனையோ இருக்கின்றன.

இரண்டாவது பொருளை அவர் வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு மிகவும் பயன்படுகிறது. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கே ‘கைப்பற்றுதல்’ என்றுதான் பொருள். தரைப்போருக்கு நாடுகள் வகுத்துக்கொண்ட 1907ஆம் ஆண்டு ஹேக் ஒழுங்குவிதிகளின் 42ஆவது விதி, ஒரு நிலப்பரப்பு எப்போது ஆக்கிரமிக்கப்பட்டதாகும் என்று சொல்கிறது: எதிரிப் படையின் அதிகாரத்துக்கு அது உண்மையிலேயே உட்பட்டிருக்கும்போது. அந்த அதிகாரம் எதுவரை நிலைபெற்றுச் செல்லுபடியாகிறதோ, அதுவரைதான் ஆக்கிரமிப்பும். அடுத்த விதியில், ஆக்கிரமித்தவர் அங்கே ஏற்கெனவே இருக்கும் சட்டங்களை மதிக்க வேண்டும், தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் விலகலாம் என்று வருகிறது. பிடித்து வைத்திருப்பதாலேயே மண் சொந்தமாகிவிடாது. இதையெல்லாம் உங்கள் அப்பா என்னைவிட நன்றாக விளக்குவார்.

நான் இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், உங்கள் வீட்டில் நடந்திருப்பது கிட்டத்தட்ட இதுதான். நோய் பிடித்தது ஒரு கையையும் ஒரு காலின் வலுவையும். மீதி நாள் முழுவதையும் பிடித்தது நீங்கள். அன்பினால்தான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குளியல் உங்கள் கையில், சட்டை உங்கள் கையில், எப்போது எழுந்து எப்போது உட்காருவது என்பதும் உங்கள் கையில் என்றால், காலை முதல் இரவு வரை அவர் செய்வதற்கு என்று மிச்சம் எது? ‘எதிலும் ஆர்வம் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்வம் காட்டுவதற்கு அவரிடம் எதை விட்டுவைத்திருக்கிறீர்கள்? கடுமையாகக் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக் குடும்பங்களிடம் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. பாசம் அதிகமுள்ள வீடுகளில்தான் நிலைமை மோசம்.

மூன்றாவது பொருளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். வீட்டுக்கு உடைமையாளர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர் என்று இருக்கலாம். சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. நம் பத்திரங்களில் அதற்கு வழங்கும் சொல் சுவாதீனம். அதே சொல்லைத்தான் ‘கை சுவாதீனத்தில் இல்லை’ என்று பக்கவாதத்துக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். கை அவருடையதுதான், அனுபவத்தில் இல்லை. அதை அனுபவத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் டாக்டர் சீட்டு எழுதியிருக்கிறார்.

நான்காவதற்கு வருவோம். “நான் என்ன குழந்தையா?” என்று அவர் கேட்டது நியாயம். எங்கள் துறையின் பிறப்பிலேயே அந்த வடு இருக்கிறது. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் திறந்த மனநல இல்லத்தில், நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைப்பதற்குப் பதிலாகத் தோட்ட வேலையும் தையலும் கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் கூடை முடையவும் நெசவு நெய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் ‘சும்மா இராமல் ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும்’ என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் சில இடங்களில் பந்தை அமுக்கச் சொல்லியும் துளையில் குச்சியைச் செருகச் சொல்லியும் மணிக்கணக்கில் உட்காரவைப்பதைப் பார்க்கிறேன். விரலுக்கு வலு சேர்க்க அவற்றால் கொஞ்சம் பயன் உண்டு. அதோடு நின்றுவிட்டால், நாற்பது ஆண்டு பாடம் நடத்திய ஒருவருக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இந்தத் துறைக்கு முதல் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். அவர் மருத்துவர் அல்லர், கட்டடக் கலைஞர். காசநோயால் அவதிப்பட்டவர், பின்னர் உடம்பின் இடது பக்கம் செயலிழந்தது. தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அதே ஊரில் அவர் அமைத்த ‘ஆறுதல் இல்லத்தில்’தான் அந்த முதல் கூட்டம் நடந்தது. இடது பக்கம் விழுந்தவர் என்பதை உங்கள் அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து மனநல மருத்துவர் அடால்ஃப் மையர், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கும் ஒருவருடைய நாளில் எப்படித் தாளம் தவறாமல் அமைய வேண்டும் என்று எழுதினார். இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் அங்கேதான் உருவாகிறது. ஒருவர் தம் நாளை எதைக் கொண்டு நிரப்புகிறாரோ, எதைச் செய்தால் ‘இது நான்’ என்று அவருக்குத் தோன்றுகிறதோ, அவை அத்தனையும். பல் தேய்ப்பதும் அதில் சேர்த்தி, பேரனுக்குப் பானிப்பட் போரைச் சொல்லிக் கொடுப்பதும் சேர்த்தி. சம்பளம் ஒரு பொருட்டல்ல.

தமிழில் இதற்கு இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. தொழில்வழிச் சிகிச்சை என்பார்கள், செயல்முறைச் சிகிச்சை என்பார்கள். ‘தொழில்’ என்று வைத்தால் உங்கள் அப்பாவுக்கு வந்த சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. ‘ஓ.டி.’ என்று சுருக்கினால் இன்னும் ஆபத்து. ஆபரேஷன் தியேட்டருக்கும் அதே எழுத்துகள். ‘நாளைக்கு ஓ.டி.க்கு வரச் சொன்னார்கள்’ என்று கேட்டு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

பிசியோதெரபிதான் நடக்கிறதே, இது எதற்கு என்றும் கேட்பீர்கள். பிசியோதெரபிஸ்ட் வலுவையும் நடையையும் சமநிலையையும் பார்க்கிறார். நாங்கள் அந்த வலுவை வைத்து உங்கள் அப்பா எதைச் செய்யப்போகிறார் என்று பார்க்கிறோம். இரண்டும் வேண்டும். கை மூன்று அங்குலம் மேலே போகிறது என்பது ஒரு செய்தி. அந்த மூன்று அங்குலத்தில் சட்டைப் பொத்தான் எட்டுமா என்பது வேறு செய்தி.

சட்டையிலிருந்தே தொடங்குங்கள். காலை அவசரத்தில் வேண்டாம். மாலையில் உடை மாற்றும்போது போதுமான நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் தொளதொளப்பான, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையாக இருக்கட்டும். கை வைக்காத, முதுகு சாய்க்க வசதியான நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரட்டும். சட்டையை மடியில் உட்புறம் மேலே தெரிய விரித்துப் போடுங்கள். வலுவிழந்த கைதான் முதலில் நுழைய வேண்டும். வலது கையால் இடது கையை எடுத்துச் சட்டைக் கைக்குள் விட்டு, முழங்கைக்கு மேலே, பிறகு தோள்வரை துணியை இழுத்துவிட வேண்டும். முழங்கையோடு நின்றுவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். பிறகு சட்டையை முதுகுப்பக்கம் சுற்றி எடுத்து, நல்ல கையை நுழைக்கலாம். பொத்தானைக் கீழிருந்து போடத் தொடங்கட்டும். கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும், கழுத்துப் பொத்தான் தெரியாது. கழற்றும்போது நேர்மாறு: நல்ல கை முதலில் வெளியே, மெலிந்த கை கடைசியில்.

முதல் நாளே எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டால் அவர் தோற்பார், நீங்களும் பழையபடி போட்டுவிடத் தொடங்கிவிடுவீர்கள். வேறொரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசி இரண்டு. பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் வேலையை முடித்து வைப்பவர் எப்போதும் அவராகவே இருப்பார். ஆசிரியருக்கு இந்த உத்தி புதிதாக இராது. உங்களுக்குத்தான் கஷ்டம். இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலைக்கு இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். முடியவில்லை என்றால் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள், கூப்பிடும் தூரத்தில் இருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எழுப்பும்போதோ உடை மாற்றும்போதோ இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை தளர்ந்த தோள், பந்துக்கிண்ண மூட்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கியிருக்கும். ஒரு இழுப்பில் மாதக்கணக்கான வலியை வாங்கிவிடலாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான். உட்காரும்போது இடது முன்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்கல் கொடுங்கள்.

அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு சங்கடம். எழுத, சாப்பிட, தலைவாரவெல்லாம் நல்ல கையே போதும் என்பதால் இடது கையை மறந்துவிடுவது மிக எளிது. சில மாதம் முயன்று, ஒவ்வொரு தடவையும் தவறி, ‘இது உதவாது’ என்று மூளை முடிவு கட்டிவிடும். பிறகு கொஞ்சம் வலு திரும்பினாலும் கையைக் கூப்பிடாது. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதைத்தான் கற்றுக்கொண்ட முடக்கம் என்றார். நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டு, இரண்டு வாரம் தளர்ந்த கையையே வேலை வாங்கும் முறையை அவர் உருவாக்கினார். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களிடம் அதைச் சோதித்து, கை நன்றாகத் தேறியதாக 2006இல் ஆய்வு வெளியானது. இதைப் படித்துவிட்டு வீட்டில் வலது கையைக் கட்டிவிடாதீர்கள்! மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது தாமாக விரிகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். ஊன்றுகோல் பிடிக்கும் கையைக் கட்டினால் விழுவார். அவருக்குப் பொருந்துமா என்று நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

வீட்டில் செய்யக்கூடியது, இரண்டு கையும் தேவைப்படும் வேலைகளில் இடது கைக்கு ஒரு சிறு பங்கு கொடுப்பது. செய்தித்தாள் பறக்காமல் அதன் மேலே இடது கை கனமாகக் கிடக்கட்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதும்போது தாளை அழுத்திப் பிடிக்கட்டும். பாட்டிலின் மூடியை வலது கை திறக்கும்போது இடது கை அதை மார்போடு அணைத்திருக்கட்டும். விரல் அசையாவிட்டாலும் கைக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது முக்கியம்.

எதைச் செய்யப் பழக்குவது என்று நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. 1991இல் கனடாவில் வெளிவந்த ஒரு நேர்காணல் முறை இதற்காகவே இருக்கிறது. சொந்தப் பராமரிப்பு, பயனுள்ள வேலை, ஓய்வுநேர ஈடுபாடு என்று மூன்று பகுதிகளில் எதைச் செய்ய முடியாமல் போனது வருத்துகிறது என்று நோயாளியிடமே கேட்போம். அவற்றில் அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்து, இப்போது எவ்வளவு செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண்ணும் அவரே போடுவார். வாழ்நாள் முழுவதும் பிறருக்கு மதிப்பெண் போட்டவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு பழைய அளவுகோல், 1965இல் வந்த பார்த்தல் அட்டவணை. சாப்பிடுவது, உடுத்துவது, படியேறுவது என்று பத்து இனங்கள், மொத்தம் 100 மதிப்பெண். அதை வகுத்தவர்களே, 100 வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று பொருளல்ல என்று எச்சரித்தார்கள். சமைப்பதும் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கில் இல்லை. பேரனுக்குப் பாடம் சொல்வதும் இல்லை. ஆகவே மதிப்பெண் தாளை மட்டும் காட்டி ‘தேறிவிட்டார்’ என்று யாராவது அனுப்பினால் உடனே நம்பிவிடாதீர்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும் முன் அப்பாவை உட்காரவைத்து, நோய் வருவதற்கு முந்தைய ஒரு சாதாரண நாளைச் சொல்லச் சொல்லுங்கள். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, எதையும் விடாமல். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது அவரே எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்று அதைச் செய்வது யார் என்று குறியுங்கள். பெயர்களைப் பார்த்து நீங்களே திகைப்பீர்கள். அந்தத் தாளில் அவர் திருப்பிக் கேட்பது எதுவோ, அங்கிருந்து சிகிச்சை தொடங்கும். அது சட்டையாக இல்லாமல் போகலாம். ஒருவேளை செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அலமாரியில் புத்தகம் தேடுவது, வாசல் பூட்டைத் திறப்பது என்றும் இருக்கலாம்.

மனத்தளர்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் அது வருகிறது. மூளையில் ஏற்பட்ட மாற்றமும் அதற்கு ஒரு காரணம். மன உறுதி இல்லாததால் வருவதல்ல. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, காரணமில்லாமல் அழுகையோ எரிச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ‘எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். அகராதியை எடுத்து வழக்காடுகிறவர் முற்றிலும் தளர்ந்துபோனவராக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் மூன்று மாதங்களில் தேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அந்தக் காலம் கடந்துவிட்டதே என்று பதற வேண்டாம். அதற்குப் பிறகும் பயிற்சியால் கை தேறியவர்கள் ஏராளம்; வேகம்தான் குறையும். அதற்காக இன்னும் ஒரு மாதம் வாதாடிக்கொண்டிருப்பதும் சரியல்ல.

சந்திப்புக்குப் போகும்போது அவர் வழக்கமாக அணியும் சட்டை ஒன்று, செருப்பு, கண்ணாடி, சிவப்புக் கோடு போட்ட அந்தச் செய்தித்தாள், நீங்கள் எழுதிய தாள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். தெரபிஸ்ட் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், இது எந்த வேலைக்காக என்று அப்பாவே கேட்கட்டும். பதில் வராவிட்டால் இன்னொருவரைப் பார்க்கலாம்.